ராட்சதர்களும் திருத்திய பதிப்புகளும்

போன மே மாத விடுமுறையில் எங்கள் செம்பூர் வீட்டுக் கூடத்தில் ஒரு சண்டை நடந்தது. சண்டை போட்டவர்கள் ஐந்து பேர். என் பேரனும் அவனோடு கல்லூரியில் படிக்கும் நண்பர்களும். சண்டைக்குக் காரணம் பன்னிரண்டு பிள்ளைகள். அந்தப் பன்னிரண்டு பேரும் இந்த உலகத்திலேயே இல்லாதவர்கள் என்பதுதான் வேடிக்கை.

"டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்று ஒரு விளையாட்டு. நம் சங்க அன்பர்கள் பலருடைய வீட்டிலும் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கக்கூடும். கதவைச் சாத்திக்கொண்டு நாலைந்து மணி நேரம் பேச்சும் சிரிப்பும் பகடை உருளும் சத்தமுமாக இருந்தால் அதுதான். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு வேடம் ஏற்று, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் வாளை உருவுகிறேன்" என்று சொல்கிறார்கள். செய்த காரியம் பலித்ததா என்பதை இருபது முகமுள்ள பகடை தீர்மானிக்கிறது. எதிரே வரக்கூடிய பூதங்கள், மிருகங்கள், ராட்சதர்கள் பற்றிய விவரமெல்லாம் தடித்த புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது.

அன்றைய கதையில் இவர்கள் குன்றுகளில் வாழும் ராட்சதர் தலைவனின் பெரிய மரவீட்டுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்திருந்தார்கள். ஒரு கதவைத் திறந்தார்கள். உள்ளே பாதி வளர்ந்த ராட்சதப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், ஒருவரையொருவர் அடித்து விளையாடிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வில்லாளியாக ஆடிய பையன், "தூங்கும்போது வந்திருந்தால் இன்னும் சுலபமாக முடித்திருக்கலாம்" என்றான். பூசாரி வேடம் ஏற்ற பெண், "இவர்கள் குழந்தைகள்" என்றாள். பையன் புத்தகத்தைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தான். குன்று ராட்சதர்: ஒழுங்கற்ற தீயவர். "இதோ போட்டிருக்கிறதே!" என்றான். "யார் போட்டது?" என்று கேட்டாள் அவள். அதற்குமேல் ஆட்டம் நடக்கவில்லை. என் மனைவி தேநீர் கொண்டு வருவதற்குள் இரண்டு பேர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி விட்டார்கள். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை.

மூன்றாம் வாரம் பேரன் என்னிடம் வந்தான். "தாத்தா, நீங்கள்தான் சட்டப் புத்தக ஆசாமி. யார் சொல்வது சரி?"

முப்பத்தோரு வருடம் கணக்குத் தணிக்கையில் உட்கார்ந்தவன் நான். ஒரு விதி ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், அது முன்பு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். திருத்தச் சீட்டுகளை வரிசையாக ஒட்டிப் படிக்க வேண்டும். இது எங்கள் இலாகாவின் பாலபாடம். "பழைய பதிப்பெல்லாம் கிடைக்குமா?" என்றேன். கிடைத்தது. ஒரு மாதம் பென்சிலும் கையுமாகப் படித்தேன். மனைவிக்குச் சிரிப்பு. எனக்கோ, ஒரு ராட்சதன் ஐம்பது வருடத்தில் படிப்படியாக ஆளாகிற வரலாறு கையில் கிடைத்த மாதிரி இருந்தது.

முதலில் ஒரு சொல் பிரச்சினை. ஆங்கிலத்தில் ஜயன்ட் என்பதை நான் ராட்சதர் என்கிறேன். அரக்கர் என்றால் நமக்கு இலங்கை நினைவுக்கு வருகிறது, பூதம் என்றால் புதையல் நினைவுக்கு வருகிறது. ராட்சதர் என்பதிலும் சிக்கல் உண்டு. இந்த விளையாட்டிலேயே "ராக்ஷஸா" என்று தனியாக ஒரு பிராணி இருக்கிறது, 1977ஆம் ஆண்டுப் புத்தகத்திலிருந்தே. முதலில் இந்தியாவில் அறியப்பட்டது என்ற குறிப்பும், புலித்தலை வைத்த படமும், தீயது என்ற முத்திரையும் அதற்குக் கிடைத்திருக்கின்றன. விபீஷணனைப் பற்றி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை போலும்! அது வேறு கதை, ராட்சதருக்கு வருகிறேன்.

அவர்களின் பிறப்பு 1971இல். கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெர்ரன் என்ற இருவர் "செயின்மெயில்" என்று பொம்மைப் போர்வீரர்களை வைத்து ஆடும் யுத்த விளையாட்டுக்கு விதிகள் எழுதினார்கள். அதன் பின்னிணைப்பில் மாயாஜாலப் பிராணிகளுக்கும் இடம் கொடுத்தார்கள். அதில் ராட்சதனுக்கு என்ன பணி தெரியுமா? கல்லெறியும் பொறி! நகர்ந்து போகக்கூடிய சிறு கவண்பொறியாக அவனைக் கணக்கில் வைத்துக்கொள் என்பதுதான் விதி. 1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது குன்று, கல், உறைபனி, நெருப்பு, மேகம் என்று ஐந்து குலங்கள் வந்தன. அடுத்த வருடம் புயல் சேர்ந்தது. அந்த ஆறு குலம் இன்றுவரை மாறவில்லை.

1977ஆம் ஆண்டு மிருகப் புத்தகத்தில் ஒவ்வொரு குலத்துக்கும் உயரம், பலம், புத்தி, நல்லவனா கெட்டவனா என்ற குணக்குறி எல்லாம் பட்டியலாக வந்துவிட்டது. குன்று ராட்சதன் 10½ அடி. கல்லும் நெருப்பும் 12. உறைபனி 15, மேகம் 18, புயல் 21. இவற்றோடு அந்தக் காலத்து விதி ஒன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கொண்டுவந்து சேர்க்கும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஆடுபவருக்கு ஓர் அனுபவப் புள்ளி. புள்ளி சேரச் சேரப் பாத்திரம் வலுவடையும். ராட்சதனிடம் காசு நிறைய இருக்கும். ஆக, அவன் ஒரு பூட்டு, வாள் சாவி. பூட்டின் மனசாட்சியை யாரும் கேட்பதில்லை.

அதே காலத்தில் "ரேஞ்சர்" என்கிற காட்டு வீரன் பாத்திரத்துக்கு ஒரு சலுகை இருந்தது. "ராட்சத வகை"யைச் சேர்ந்த எதிரியை வெட்டினால் அவனுக்கு உபரிச் சேதம் உண்டு. அந்த வகையில் யார் யார் என்று பட்டியலைப் பார்த்தேன். நிஜ ராட்சதர் சரி. ஓகர், டிரோல் சரி. அதற்கும் கீழே ஆர்க், கோப்ளின், கடைசியில் கோபோல்டு! கோபோல்டின் உயரம் மூன்றடி. மூன்றடி ராட்சதன்! பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. பட்டியல் உயரத்தைப் பற்றியதே அல்ல. வெட்டினால் கேள்வி கேட்கப்படாதவர்கள் யார் என்பதைப் பற்றியது அது.

இப்படிப் பட்டியல் போடுவது நமக்குப் புதிதா? 1871இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டு வந்தது. 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குழந்தை எந்த வீட்டில் பிறந்தது என்று பார்த்தால் போதும், அது என்ன குற்றம் செய்யும் என்று பதிவேட்டில் முன்கூட்டியே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. நாடு முழுவதும் அது ஒழிய 1952 ஆயிற்று. விளையாட்டுப் புத்தகத்தையும் அந்தச் சட்டத்தையும் ஒரே தட்டில் வைக்க நான் முட்டாள் அல்ல. ஆனால் "இதோ போட்டிருக்கிறதே" என்று விரலை வைக்கிற அந்தப் பழக்கம் ஒன்றுதான்.

பன்னிரண்டு பிள்ளைகளுக்கு வருகிறேன். அந்த அறை என் பேரன் கற்பனை செய்ததல்ல. 1978இல் கைகாக்ஸ் குன்று, உறைபனி, நெருப்பு ராட்சதர்களின் கோட்டைகள் மேல் படையெடுக்கும் மூன்று கதைப் புத்தகங்கள் எழுதினார். முதல் புத்தகத்திலேயே அந்த அறை இருக்கிறது. அடியும் சிரிப்புமாகக் கூத்தடிக்கும் பன்னிரண்டு இளம் ராட்சதர்கள், இன்ன பலம் என்ற குறிப்போடு. 2017இல் 5ஆம் பதிப்பு விதிகளுக்கு மாற்றி அந்தக் கதைகளை மறுபடி வெளியிட்டார்கள். இவர்கள் ஆடியது அதைத்தான். எனக்கு வியப்பு என்னவென்றால், கைகாக்ஸ் அவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறார். வெறும் கவண்பொறிக்குச் சிரிப்பு எதற்கு? எழுதும்போது அவர் கை அறிந்தோ அறியாமலோ அங்கே ஒரு வீட்டை எழுதிவிட்டது. விதிப் புத்தகம் அந்த வீட்டை எட்டிப் பிடிக்க நாற்பது வருடம் ஆயிற்று என்பதே என் கட்சி.

நடுவில் நடந்தது பெரும்பாலும் அளவெடுக்கும் வேலைதான். 1989இல் இரண்டாம் பதிப்பு வந்தது. குன்று ராட்சதன் 10½ அடியிலிருந்து 16 அடியானான். உறைபனி 21, மேகம் 24, புயல் 26 அடி! எவ்வளவு அடி தாங்குவான் என்பதற்கு உருட்டும் பகடைகள் குன்றுக்கு 8 இருந்தது 12 ஆயிற்று. புயலுக்கு 15 இருந்தது 19. ஆடுகிறவர்கள் பலசாலிகளாகி ராட்சதனைக் கண்டு பயப்படாமல் போனதால் அவனை உயர்த்திப் பார்த்தார்கள். 2000இல் மூன்றாம் பதிப்பு. பகடைக் கணக்குப் பெரும்பாலும் அப்படியே இருக்க, உயரம் மட்டும் திரும்பவும் 10½, 12, 15 என்று பழைய இடத்துக்கே இறங்கியது. ஐந்தடிக் கட்டங்கள் போட்ட படத்தின் மேல் பொம்மைகளை நகர்த்தி ஆடுவதற்கு முக்கியத்துவம் வந்த பதிப்பு அது. 26 அடி ஆசாமியை எங்கே நிறுத்துவது என்ற சங்கடமாக இருக்கலாம் என்பது என் ஊகம். 2014இல் 5ஆம் பதிப்பில் ஆறு குலத்தையும் மிகப் பெரிய உருவங்களின் வரிசையில் சேர்த்து மறுபடி பெருக்கினார்கள். தையற்காரர் கால்சட்டையை நீட்டி, மடித்து, மறுபடி பிரித்த மாதிரி. இதனாலெல்லாம் ராட்சதன் ஓர் அங்குலம் கூட வளரவில்லை என்று நினைக்கிறேன்.

வளர்ந்தது வேறு இடத்தில். 1995இல், "ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்" என்ற கற்பனை உலகத்துக்காக, "ஜயன்ட்கிராஃப்ட்" என்று ஒரு துணைப் புத்தகம் வந்தது. அதில்தான் "ஆர்ட்னிங்" என்ற சொல் வருகிறது. ராட்சதர்களின் வரிசை முறை. 2014ஆம் ஆண்டு மிருகப் புத்தகம் அதை எல்லா ராட்சதர்க்கும் பொதுவாக எடுத்துக்கொண்டது. எல்லாருக்கும் தந்தையான அன்னம் என்ற தெய்வம் (நம் அன்னத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை) ஏற்படுத்திய ஏணி. அடியில் குன்று, அதன்மேல் கல், உறைபனி, நெருப்பு, மேகம், உச்சியில் புயல். எந்த இரண்டு ராட்சதரும் சமம் அல்ல. மேல்குலத்தின் கடைசி ஆளும் கீழ்க்குலத்தின் முதல் ஆளுக்கு உயர்ந்தவன். குலத்துக்குள்ளே ஒவ்வொருவனும் மேலே ஏறத் தனித்தனி வழி: கல்லுக்குச் சிற்பம், உறைபனிக்கு உடல் வலு, நெருப்புக்கு உலைத்தொழிலும் போர்த்திறமும், மேகத்துக்குச் செல்வம். குன்றுக்கு என்ன? யார் அதிகம் சாப்பிடுகிறான் என்பது.

இதைப் படித்தபோது எனக்கு இரண்டு மனம். பாவம், அமெரிக்க இளைஞர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும், பக்கம் பக்கமாக விளக்க வேண்டியிருந்திருக்கும். நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறந்த இடம்தான் படி, படி மாற முடியாது, அதை ஏற்படுத்தியது ஆண்டவன் என்ற ஏணியை நாம் வேறு பெயரில் பார்த்திருக்கிறோம். தீயவன் என்று ஒரு வரியில் முத்திரை குத்தியதை எடுத்துவிட்டு, தாழ்ந்தவன் என்று நாலு பக்கத்தில் முத்திரை குத்தினால் அது திருத்தமா?

ஆனாலும் தணிக்கைக்காரன் வரவையும் சொல்ல வேண்டும். ஏணி ஒன்று வந்தவுடன் ராட்சதனுக்கு ஒரு மேலாள், ஒரு கீழாள், ஓர் அவமானம், ஓர் ஆசை எல்லாம் வந்துவிட்டன. கல் ராட்சதர்கள் குகைக்குள் வாழ்பவர்கள். வெளி உலகம் அவர்களுக்கு வெறும் கனவு, அங்கே செய்வதற்குப் பொறுப்பு இல்லை. புயல் ராட்சதர்கள் தனிமையில் உட்கார்ந்து வருங்காலக் குறிகளைத் தேடுகிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, மாட், மௌக் என்று அவர்கள் மொழியில் இரண்டு சொற்கள். முறைப்படி நடப்பது மாட், முறை தவறுவது மௌக். மனிதனிடம் பொய் சொன்னால் மௌக் ஆகாமல் போகலாம்; தன் வரிசைக்குத் துரோகம் செய்தால் ஆகும். அதாவது நல்லது கெட்டது என்பதை அவர்கள் பக்கத்திலிருந்து பார்க்க முதன்முதலாக ஒரு ஜன்னல் திறந்தது.

ஜன்னலைத் திறந்தவர்கள் பழைய முத்திரையை எடுத்தார்களா? இல்லை. 2014ஆம் ஆண்டுப் புத்தகத்தில் விளக்கத்திலே வாழ்க்கை இருக்கிறது, பட்டியலின் தலைப்பிலே "ஒழுங்கற்ற தீயவர்" இருக்கிறது. ஒரே அலுவலகத்தில் இரண்டு பேரேடு வைத்திருந்தால் எங்கள் பாஷையில் அதற்கு வேறு பெயர்! அன்று வில்லாளிப் பையன் ஒரு பேரேட்டைப் பார்த்தான், பூசாரிப் பெண் இன்னொன்றைப் பார்த்தாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

2016இல் வந்த "ஸ்டார்ம் கிங்ஸ் தண்டர்" என்ற கதைதான் இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளைகளின் போக்கில் வெறுப்படைந்த அன்னம் ஆர்ட்னிங்கையே உடைத்துவிடுகிறார். ஏணி போய்விட்டது. இனி யார் வேண்டுமானாலும் உச்சிக்குப் போகலாம்! உடனே ஆளுக்கொரு திட்டம். நெருப்புப் பிரபு ஒருவன் பழைய மாபெரும் யந்திரத்தின் துண்டுகளைத் தோண்டி எடுக்கிறான். உறைபனித் தலைவன் முடிவில்லாத குளிர்காலம் கொண்டுவரும் மோதிரத்தைத் தேடுகிறான். குன்றுகளில் கூ என்று ஒரு தலைவி. அவளுக்குத் தெரிந்த ஒரே பெருமை பருமன். ஆகவே உலகத்திலேயே பெரியவளாகிவிட்டால் தெய்வம் தன்னை மேலே வைக்கும் என்று, ஊர் ஊராகக் கொள்ளையடித்துவரச் சொல்லி உட்கார்ந்த இடத்தில் தின்றுகொண்டே இருக்கிறாள். புத்தகம் அவளைக் கேலிக்காகத்தான் எழுதியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசிப் படியில் ஆயிரம் வருடம் வைத்துவிட்டு, ஒருநாள் ஏணியை எடுத்துவிட்டோம் போ என்றால், அவள் கையில் இருக்கிற ஒரே திறமையோடுதானே போட்டியில் இறங்குவாள்?

2020 ஜூனில் வெளியீட்டாளரான விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், ஒரு குலம் முழுவதையும் பிறவித் தீயவராகக் காட்டுவது சரியல்ல என்று ஆர்க் முதலியவர்களைப் பற்றி அறிக்கை விட்டது. அப்போதிருந்து பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு குறை. பேரனின் நண்பன் ஒருவனுக்கு மாமா இருக்கிறார், என்பதுகளிலிருந்து ஆடுகிறவர். "ராட்சதனையும் நல்லவனாக்கிவிட்டால் இனி யாரை வெட்டுவது, ஸார்?" என்று என்னிடமே கேட்டார். நியாயமான கேள்வி, விளையாட்டென்றால் எதிரி வேண்டும். ஊரைக் கொளுத்த வருகிற ராட்சதனை வெட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? அவன் கொளுத்த வருகிறான் என்பது போதுமான காரணம். அவன் தாய் யார் என்ற காரணமும் சேர்த்து வேண்டும் என்கிறவருக்கு எதிரி போதவில்லை, அனுமதிச் சீட்டும் தேவைப்படுகிறது.

இன்னொன்றும் அவரிடம் சொன்னேன். இந்த ராட்சதர்களின் பூர்வீகமான வடநாட்டு நார்ஸ் கதைகளில் விஷயம் இவ்வளவு கறாராக இல்லை. அங்கே தேவர்களின் தலைவன் ஓடினின் தாய் பெஸ்ட்லா ராட்சதர் குலத்தவள். தகப்பனைக் கொன்றதற்குப் பழிவாங்க ஆயுதத்தோடு தேவர்களிடம் வந்த ஸ்காதி, சமாதானமாகி ஒரு தேவனையே மணக்கிறாள். பகையும் சம்பந்தமும் ஒரே வீட்டில். பழமையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அந்தப் பழமைக்கே போகலாமே!

அதற்காகப் புதிய புத்தகங்கள் எல்லாம் எனக்குத் திருப்தி என்று எண்ண வேண்டாம். 2024இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் ராட்சதர் வம்சத்தில் வந்த கோலியாத் என்ற இனத்தாராகவே நாம் ஆடலாம். நல்லது. ஆனால் முன்னோர் நெருப்பா, உறைபனியா, குன்றா என்று தேர்ந்தெடுத்தால் அதற்கு ஏற்ற ஒரு வித்தை கிடைக்கிறது, அவ்வளவுதான். தாத்தாவை ஒரு தீப்பொறியாகச் சுருக்கி மடியில் முடிந்துகொள்வதா! 2023இல் ராட்சதர்களுக்கென்றே வந்த "பிக்பி" புத்தகத்தில் இதைவிட நல்ல யோசனை ஒன்று இருக்கிறது. ராட்சதர் எடுத்து வளர்த்த பிள்ளையாக நம் பாத்திரத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம். அவர்கள் கிண்ணத்தில் சோறு தின்று, அவர்கள் நாற்காலியில் ஏற முடியாமல் ஏறி வளர்ந்த பிள்ளை.

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரையும் வரவழைத்துச் சொன்னேன். வந்தார்கள், நல்ல பிள்ளைகள். வில்லாளியும் பூசாரியும் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்தார்கள். "தீர்ப்பு என்ன தாத்தா?" என்றான் பேரன். புத்தகத்தில் தீர்ப்பு இல்லை என்றேன். அதில் இருப்பது ஒரு கதவும் பன்னிரண்டு பேரும்தான். "கதவு எந்தப் பக்கம் தாழ்ப்பாள்?" என்று கேட்டேன். யாரும் அதை யோசித்திருக்கவில்லை. கதை நடத்துகிற பெண் கொஞ்சம் விழித்துவிட்டு, "வெளிப்பக்கம்" என்றாள்.

வில்லாளிதான் தாழ்ப்பாளைப் போட்டான். எனக்கே ஆச்சரியம். நாலு பேர் தலைவனின் கூடத்துக்குப் போனார்கள், பூசாரி மட்டும் கதவருகே நின்றாள். கூடத்தில் நடந்த சண்டையில் பகடை மோசமாக விழுந்து பேரனின் வீரன் அநேகமாகச் செத்துப் போனான். அதைப் பற்றி இன்னும் புலம்புகிறான். தலைவன் வீழ்ந்த பிறகு கதவைத் திறந்தார்கள். இப்போது அந்தப் பன்னிரண்டு பேரும் இவர்களோடு மலைப்பாதையில் நடந்துகொண்டிருக்கிறார்கள், எங்கே கொண்டு விடுவது என்று யாருக்கும் தெரியாமல்.

நேற்று இரவு பேரன் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தான். வளர்கிற ராட்சதப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஆடு வேண்டியிருக்கும் என்று கேட்டான். எந்தப் பதிப்பிலும் அதற்கு அட்டவணை இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆளுக்கு அரை ஆடு என்று வைத்து, பத்து நாளைக்கு நானே ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அறுபது ஆடு. "அவ்வளவு காசு எங்களிடம் இல்லையே, தாத்தா" என்றான்.